நாலு சுவருக்குள் ஓர் அழுகை

மது நன்றாக இருக்கிறதா சாமி? செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வருபவன் கையில் குடுவையோடு வருவது முறையில்லைதான். ஆனால் நீங்களும் வறண்ட தொண்டையோடு கேட்கிற ஆள் இல்லையே.

இந்த வின்டர்கோல் கோட்டையின் வரலாறு உங்களுக்குத் தெரியாததா? என் மனைவி அவிஸின் கொள்ளுத்தாத்தா இதை ஒரு விதவையிடமிருந்து பிடுங்கினார். அதற்கு வீரம் என்று பெயர். தாத்தா அண்ணனைக் கிணற்றில் தள்ளிவிட்டுப் பட்டத்துக்கு வந்தார். அதை விதி என்றார்கள். அப்பா தின்றே செத்தார்; அவரை மகான் என்று கோயிலுக்குள்ளேயே புதைத்திருக்கிறீர்கள். சட்டப்படி வந்தவன் நான் ஒருவன்தான்.

சட்டம் எளிது. கோட்டை அவிஸுடையது. அவளுக்குப் பிள்ளை உயிரோடு பிறந்து, அதன் அழுகை நாலு சுவருக்குள் கேட்டுவிட்டால் போதும். பிள்ளை அடுத்த நிமிடமே செத்தாலும், அவளுக்குப் பின் என் ஆயுள் வரை கோட்டை எனக்கு. கேட்காவிட்டால் அவள் சித்தப்பா மகன் ஃபுல்க்குக்கு. நான் குதிரையோடு தெருவுக்கு. இதில் பெண் சாட்சி செல்லாது. பிரசவ அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. ஆகவே சாட்சிக்காரர்கள் கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்.

பிரசவத்தன்று ஃபுல்க் இரண்டு பிரபுக்களோடு வந்து நின்றான். மருத்துவச்சி ஹாவிஸ் என்னை மட்டும் ஓரமாக அழைத்தாள்.

"பிள்ளை செத்தேதான் பொறந்திருக்கு தொரை. இனிமே அம்மாவுக்குப் பிள்ளையே தங்காது. ஆனா அம்மா பொழச்சுட்டாங்க, அதுவே பெரிசு. அழாதீங்க."

நான் அழவில்லை. "இப்ப யாருகிட்டயும் சொல்லாத. போய்க் கஞ்சி கொண்டா" என்று அவளை அடுக்களைக்கு அனுப்பினேன். ஜெபிக்கப் போகிறேன் என்று ஃபுல்க்கிடம் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அவிஸின் தாத்தா, சமையல்காரியைப் பார்க்கப் போவதற்காக, அந்தப் பிரசவ அறையிலிருந்து சுவருக்குள்ளேயே ஒரு படிக்கட்டு கட்டியிருந்தார். பெரியவர்கள் எதையும் வீணாகச் செய்வதில்லை.

அதில் ஏறிப் போனேன். அவிஸ் விழித்திருந்தாள். "ஐயோ, ஆம்பளைங்க வரக் கூடாதே" என்று சிரிக்கப் பார்த்தாள். "என் மேல கோவமா?"

"இல்லம்மா" என்றேன். கோபமே இல்லை, சத்தியமாக. தலையணையைச் சரிசெய்தேன். முதலில் முகத்தின் மேல் லேசாகத்தான், கொஞ்சம் குரல் வெளியே போகும்படி. பாவம், தெம்பு இல்லை. பூனைக்குட்டி போல ஒரு கீச்சுக்குரல் வந்தது. போதும் என்று தோன்றியதும் முழுதாக அழுத்தினேன்.

படியிறங்கும்போதே ஃபுல்க் தலையில் அடித்துக்கொள்வது கேட்டது. "கேட்டீங்களாய்யா? அழுதுடுச்சு! போச்சு, எல்லாம் போச்சு!"

நல்லவன். மன்னரின் நீதிபதி முன்னால் அதையே மூவரும் சத்தியம் செய்தார்கள். "பிள்ளை செத்தேதான் பொறந்துச்சுங்க, அது அம்மாவோட கொரலாத்தான் இருக்கணும்" என்று ஹாவிஸ் மட்டும் கத்தினாள். பெண் சாட்சி செல்லாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். தாயும் பிள்ளையும் போனதற்கு ஊரே அழுதது. நானும் அழுதேன்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நீங்கள் வெளியே சொல்ல முடியாது. உங்கள் சட்டமும் நல்ல சட்டம்தான்.

ஒரே ஒரு தொந்தரவு. அந்த அறைப் பக்கம் போனால் இன்னும் அந்த அழுகை கேட்கிறது. குழந்தைதான் சாமி. மூன்று ஆண்கள் சத்தியம் செய்திருக்கிறார்களே.