புளி போட்டு விளக்கிய ராணி

“ராணி மூஞ்சிய நேத்துதான் புளி போட்டு வெளக்குனேன்” என்று முன்சீட்டு அக்கா சொன்னதும் நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ். அவருடைய கணவர் பதறிப்போய்க் கைக்குட்டையைப் பிரித்தார். வெள்ளைக்காரன் காலத்துச் செப்புக் காலணா ஒன்று, ராணி தலையோடு, புதுச் சொம்பு மாதிரி மின்னியது.

“அடிப்பாவி! அந்தப் பச்சைக் களிம்புதான்டி அதோட வயசுக்கே சாட்சி. களிம்போட கொண்டாங்க, ஒங்க பேரப் போட்டு கண்காட்சியில வைக்கிறேன்னு அரியலூரு மியூசியம் சார் சொல்லியிருக்காரு.”

“சாமி வெளக்கெல்லாம் தேய்க்கிறப்ப இது மட்டும் அழுக்கா கெடந்துச்சு. சேத்துத் தேச்சுட்டேன்.”

“நம்மள ஆண்ட ராணிடி!”

“ஆண்டாங்க சரி. இப்பதான் மூக்கே தெரியுது. ஒரு மூக்குத்திகூட இல்ல.”

“சார் மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“கண்காட்சி அடுத்த மாசந்தானங்க? திரும்பி வூட்டுக்குப் போவோம். எருக்குழியில பொதைச்சு மாட்டு மூத்திரத்த ஊத்துனா பச்சை தானா ஏறிடும்.”

கணவர் காலணாவை மறுபடி கைக்குட்டையில் முடிந்தார். பிறகு கண்டக்டரிடம் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடச் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“பசுவா, எருமையா?”

“ராணியாச்சேங்க. பசுவோடதே ஊத்துவோம்.”