அடிவரிசை இல்லாத எண்கள்

— பெட்டியில கம்பெனி பேரே இல்லையே, தாயி. நேத்துத் தேதியும் ஒரு நம்பரும்தான் இருக்கு. இத வச்சு எந்த எடம்னு எப்படிச் சொல்ல?

— நம்பர் அடிக்கிற மிசினெல்லாம் ரிப்பேர் பாக்குறது நீங்கதானாம். உங்களுக்குத்தான் தெரியும்னாக, அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரர் நேத்து வேலை எடத்துலருந்து எடுத்துட்டு வந்த காலி அட்டைப்பெட்டி இது.

— அவரு பேரு?

— சங்கிலிமுத்து. பத்து நாளா ஒரே எடத்துக்குத்தான் வேன்ல போறாக. எங்கன்னு வீட்டுல கூடச் சொல்லக்கூடாதாம். இன்னைக்கு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடிச்சிருச்சு. அவுக போன் எடுக்கல.

— கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாக. பதறாத. அங்கன வேலைக்கு வந்த பதினாலு பேரும் தப்பிச்சிட்டாகளாம். மிச்ச வெடி வெடிச்சு ஓயட்டும்னு தீயணைப்பு வண்டியே வாசல்லதான் நிக்குதாம்.

— அந்தப் பதினாலுல இவுக பேரு இல்ல. கேட்டுட்டுத்தான் வாரேன்.

— அப்ப வேற கம்பெனியில இருக்காருன்னு அர்த்தம். நல்லதுதான?

— எந்தக் கம்பெனி? கண்ணால பாத்தாத்தான் எனக்கு உசுரு வரும்!

— சித்தப் பொறு. இங்கன பாரு, நம்பரெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கா? மிசினுல மேலருந்து கீழ ஏழு ஓட்டை. பெட்டி ஓட ஓட, ஒவ்வொரு ஓட்டையும் மையைத் தெறிச்சு ஒரு வரிசைப் புள்ளி போடும்.

— பாடம் எடுக்காதீக அண்ணாச்சி, எடத்தைச் சொல்லுங்க!

— இப்படித்தான் தாயி கண்டுபிடிக்கணும். சைபருக்குள்ள குறுக்க ஒரு கோடு போகுதுல்ல? அந்த எழுத்து ஒரே ஒரு மாடல்லதான் வரும். இந்த வட்டாரத்துக்கே ரெண்டு மிசினுதான். ஒண்ணு சாத்தூர்த் தீப்பெட்டி ஆபீசுல.

— சாத்தூரா! இருக்கன்குடி ஆத்தா, ஒனக்கு மாவிளக்கு எடுக்கேன்! நான் பஸ்ஸைப் பிடிக்கேன்.

— நில்லு. புள்ளி வரிசைய எண்ணு.

— ஒண்ணு, ரெண்டு… ஆறு. ஆறுதான் இருக்கு.

— இந்த ‘2’க்கு அடிக்கோடே இல்ல. அடி ஓட்டை அடைச்சிருக்கு.

— அண்ணாச்சி, அடைச்சிருந்தா என்ன?

— சாத்தூர் மிசினைப் போன வாரம் நாந்தான் கழுவினேன். ஏழு ஓட்டையும் சுத்தம். இது மத்தது. போன மாசம் ஒரு தகரக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போயி காட்டினாக. அடி ஓட்டையில வெடிமருந்துத் தூசி இறுகிக் கெடந்துச்சு. அந்தச் சாமானை மாத்தணும்னேன். ‘இப்படியே ஓடட்டும். வெளிய சொன்னா இந்தப் பக்கத்துல நீ ஒரு மிசினும் தொட முடியாது’ன்னாக.

— ஏன் சொல்லக்கூடாதாம்?

— கொட்டகைக்கு லைசென்ஸ் கெடையாது. ஆளுகள உள்ள விட்டு வெளிய பூட்டிருவாக. அதிகாரிக சோதனைக்கு வந்தா, மூடின குடோன்னு நினைக்கணும்ல.

— அது எங்கன இருக்கு?

— …அந்த ஆமத்தூர்க் கம்பெனிக்குப் பின்னால. பதினாலு பேரும் முன்கட்டு ஆளுக. கொட்டகையில இருக்கவுகள யாரும் எண்ணவே இல்ல.

— ஐயோ, எஞ்சாமி!

— அழாத, அழாத. போனைக் குடு… அலோ, தீயணைப்பா? நான் மிசின் மெக்கானிக் மணிகண்டராஜ் பேசுறேன். ஆமத்தூர்ல வெடிச்சு ஓயட்டும்னு நிக்காதீக. பின்பக்கமா போங்க. கெணத்துக்கு மேக்க ஒரு தகரக் கொட்டகை. உள்ள ஆளுக இருக்காக, வெளிய பூட்டியிருக்கும். பூட்டை உடைங்க.