குடும்பத்தார் பதில் சொல்லக் கூடாது

அன்று காலை முன்னறையில் நான்கு பேர் இருந்தோம். நான், என் மனைவி, எங்கள் மருமகள், அவளுக்குச் செய்முறைத் தேர்வு வைக்க வந்த பயிற்சி நிலையத்து மேடம். மேடம் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். அதனால் அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டானது.

மருமகள் படித்தது முதியோர் பராமரிப்பு மேலாண்மை. பதினோரு மாதப் படிப்பு. முதியவர் ஒருவரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, உடல்நிலை, மருந்து, நினைவாற்றல் எல்லாவற்றையும் கோப்பாக எழுதி, மூன்று பேர் கொண்ட குழுவின் முன் வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் மருத்துவமனையில் வேலை உறுதி. என் மகன் இறந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் மூவருக்கும் அந்த வேலையை விட்டால் வேறு வழி இல்லை.

சொந்தக்காரரையே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் நான்தான் சொன்னேன். "வெளியில எதுக்கும்மா அலையறே? உங்க அத்தையைப் பத்தியே எழுது. ஒரு குறையும் கிடையாது, சீக்கிரம் முடிஞ்சிடும்."

"குறை இருந்தாதான் மாமா இதுல மார்க்கு" என்று சிரித்தாள்.

முப்பத்தொரு வருடம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன் நான். என் வீட்டைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. கடைசி இரண்டு வருடமாக, என் மனைவியிடம் யார் எது கேட்டாலும் நானே பதில் சொல்லிவந்தேன். பொண்டாட்டியை வாய் திறக்க விடாத மனுஷன் என்று தெருவில் பேசினார்கள். அந்தப் பெயர் எனக்குப் பரவாயில்லை.

தேர்வுக்கு முந்தைய பத்து நாளும் முன்னறையில் மருமகள் பாடத்தை உருப்போட்டாள். படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தேன். இன்று என்ன கிழமை. இது எந்த மாதம். நான் யார். மூன்றாவது மட்டும் நிற்கவில்லை. அழுதாள். நான் குரலை உயர்த்தவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மேடம் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "குடும்பத்துல யாரும் பதில் சொல்லக் கூடாது சார்."

மருமகள் என் மனைவியைக் கடிகாரம் வரையச் சொன்னாள். பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கினாள். காகிதம் சிறியது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் என் பக்கம் திரும்பி இதமாகச் சொன்னாள்.

"உக்காருங்க சார். எங்க வீட்டுக்காரர் இப்ப வந்துடுவார்."

மருமகளின் பேனா நின்றது. பிறகு எழுதியது.

மாலையில் அவளிடம் கேட்டேன். "அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துடும்மா."

"எடுத்தா ஃபைலே பொய்யாயிடும் மாமா. அத்தை பேரை எங்கேயும் போடலை. எழுபத்திரண்டு வயசுப் பெண்மணின்னுதான் இருக்கு."

"எழுபத்திரண்டு வயசுப் பெண்மணி இந்த வீட்டுல எத்தனை பேர் இருக்காங்க?"

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷம் வீணாப் போச்சு மாமா. இனிமேலாவது வைத்தியம் பாக்கணும். உங்களால தனியாச் சமாளிக்க முடியாதுன்னும் எழுதியிருக்கேன்."

கேட்கப்போவது மூன்று பேர். மூன்று பேருக்கும் வீடு உண்டு, வாய் உண்டு.

அவளுடைய விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பயிற்சிக் காலத்தில் மருந்துப் பிழை நடந்தால் அந்தக் கோப்பு ரத்து, குழுவின் முன் வாசிக்கப்படாது என்று இருந்தது. அதைத்தான் தேடினேன். மருந்தின் அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பது பாடப்புத்தகத்தில் இருந்தது. அதையும் படித்தேன்.

ஞாயிறுதோறும் மருமகள் என் மனைவியின் ஒரு வார மாத்திரைகளை நாள்வாரியாகப் பெட்டியில் நிரப்புவாள். நான் எண்ணிப் பார்த்து மருந்துத் தாளில் கையெழுத்திடுவேன். அந்த வாரமும் அப்படியே நடந்தது. திங்கள் காலை அவள் குளிக்கப் போன நேரத்தில், மற்ற நாள்களின் மாத்திரைகளைத் திங்கள் கட்டத்தில் சேர்த்து, என் மனைவிக்கு நானே கொடுத்தேன்.

"இவ்வளவுமா சார்?"

"இவ்வளவும்தான்."

"சரிங்க சார்" என்று விழுங்கினாள். பத்து மணிக்கு மூச்சு நின்றது.

எண்ணாமலே கையெழுத்திட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். வாழ்நாளில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மருமகளை நீங்கள் அழைத்துப்போன பிறகு, எண்ணாமல் கையெழுத்துப் போடுகிறவன் என்று என்னைப் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அதைப் பொறுக்க முடியாமல்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

மருமகளின் கை தவறிவிட்டதாகத் தெருவில் சொல்கிறார்களாம். தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் ஒரு மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளை விட்டுவிடுங்கள்.

என் மனைவிக்கு மறதி நோய் இருந்ததாகவும் ஒரு பேச்சு இருக்கிறது. அதையும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு அப்படி எதுவும் கிடையாது.