துண்டுக்குள்ளே தளர்ந்த பிடி

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மேல போறேனுங்க. வேற யார் கதையும் இல்லை... என் கதைதான்.

போன சித்திரை, நம்ம மாட்டுச் சந்தை. ஒரு ஜோடிக் காளைக்கு நானும் வியாபாரி சென்னியப்பனும் விலை பேசறோம். நாம வாயிலயா விலை பேசறோம்? ரெண்டு பேர் கைமேலயும் துண்டைப் போட்டு, உள்ள விரலை அமுக்கித்தானே பேசறோம்! அந்தத் துண்டுக்கு வெளியில எனக்கும் அவனுக்கும் பதினொரு வருசமாப் பேச்சே கிடையாது.

முதல் விலைக்கு அமுக்கினேன். கட்டாதுன்னு தலையாட்டினான். ரெண்டாவது விலைக்கு அமுக்கினேன்...

"என்னய்யா, விரலை வெச்சுட்டுச் சும்மா நிக்கற? அமுக்கு!"ங்கறான்.

அமுக்கிட்டுத்தானே இருக்கேன்! "என்ன, பயந்துட்டயா?"ன்னு கேட்டேன். கேட்டதா நான் நினைச்சேன்... வாயில வந்தது வெறும் குழறல். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. "காத்தாலயே ஊத்திட்டாரு போல!" இன்னொருத்தர், "வெயிலுங்க, மோரைக் குடுங்க."

சென்னியப்பன் சிரிக்கலை. துண்டை உருவி எறிஞ்சான். "மோரைக் குடுக்காதீங்க, புரையேறும்! வாய் கோணுது பாருங்க. வண்டியை எடு!"

மாடு ஏத்த வந்த வண்டியில என்னை ஏத்திட்டான். ஆஸ்பத்திரியில ஸ்கேன். மூளைக்குப் போற ரத்தக்குழாயில அடைப்பு. கரைக்க ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்.

"எப்ப ஆரம்பிச்சுது?"ன்னார் டாக்டர். என் வீட்டுக்காரிக்குத் தெரியுமா? மகனுக்குத் தெரியுமா?

"ஒம்போதே கால் பஸ் சந்தையைத் தாண்டறப்பங்க"ன்னான் சென்னியப்பன். "முதல் விலைக்கு இவர் பிடி இடுக்கியாட்டம் இருந்துச்சு. அடுத்த விலைக்கு இல்லை."

"அவ்வளவு சரியாவா தெரியும்?"

"எதிராளி கையைப் படிக்கறதுதானுங்க எங்க பொழப்பு!"

ஊசி போட்டாங்க. பேச்சு வந்துச்சு... மெதுவாக் கையும் வந்துச்சு. போன வாரம் அதே துண்டுக்குள்ள அமுக்கினேன். "விடுய்யா, வலிக்குது"ன்னான்!

பெருமையாச் சொல்றேன்... மெஷின் பாக்கறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சது நம்ம சந்தைக் கை! ஆனா எல்லா வியாதியும் துண்டுக்குள்ளயா வரும்? பக்கத்துல நிக்கறவன் வாய் கோணுனா, ஒரு கை தளர்ந்தா, பேச்சுக் குழறுனா... சிரிக்காதீங்க. தூங்க வைக்காதீங்க. மணியைப் பாருங்க, 108-ஐக் கூப்பிடுங்க. பகையாளியா இருந்தாலும் கூப்பிடுங்க... அவன் போயிட்டா, அப்புறம் நாம யார்கிட்டங்க வியாபாரம் பண்றது?