இன்னும் ஒரே ஒரு ரவுண்டு

மூணு மாடிதானே தம்பி, அதுக்கே இப்படி மூச்சு வாங்குது உனக்கு? வா, உட்காரு. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். கட்டில்லயே உட்காரு. நூத்திப் பதினேழு கிலோதானே இப்பவும்? எடை பார்த்த அன்னிக்கு உன் பக்கத்துலதான் நின்னேன், மறக்கல.

ஐயான்னு கூப்பிடாத. ஆலை முதலாளியைத்தான் நாங்க ஐயான்னு கூப்பிட்டோம், அதுவும் வேலைநிறுத்தம் தொடங்கின நாள் வரைக்கும்தான். தோழர்னு கூப்பிடு. வாய் வரலன்னா எதுவும் கூப்பிடாத, பரவாயில்ல.

பையில என்ன இருக்குன்னு தெரியும், மடியிலேருந்து கீழ வை. கையுறையைத்தானே இங்க விட்டுட்டுப் போக வந்திருக்க? ஏழு மாசமா நீ மேடை ஏறலன்னு எங்க குத்துச்சண்டை மன்றத்துப் பசங்க சொன்னாங்க. அதைக் கடைசியில பேசுவோம். வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னியே, அதுக்கு முதல்ல பதில் சொல்றேன். உங்க மகன் பழைய காலத்துச் சாம்பியனுங்க மாதிரின்னு சொன்ன.

அவன் கேட்டிருந்தா சிரிச்சிருப்பான்.

ஏன்னா இந்த வீட்ல இருபது வருஷமா நடந்த சண்டையே அதுதான். பழசா, புதுசான்னு. நான் பழைய கட்சி, அவன் புதுக் கட்சி. அவங்கம்மா எந்தக் கட்சியும் இல்ல, சாப்பாடு ஆறுதுன்னு கத்துவா. இப்ப தன் தங்கச்சி வீட்டுக்கே போயிட்டா.

என் வாதம் என்ன தெரியுமா? அந்தக் காலத்துல எண்பத்தஞ்சு கிலோ இருந்த ஒருத்தன் நாப்பத்தொன்பது சண்டை போட்டான், ஒண்ணுல தோக்கல. இப்ப ஆறடி ஒம்பது அங்குலத்துல வர்றானுங்க. வருஷத்துக்கு ஒரு சண்டை, ரெண்டு சண்டை. மிச்ச நாள் பூரா செல்போன்ல சவால். மேடைக்கு வர்றதுக்கே புகை, விளக்கு, பாட்டு. மாப்பிள்ளை அழைப்பா நடக்குது? நீ சிரிக்கற. உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். வெள்ளி ஜரிகை வச்ச அங்கி போட்டுட்டு வந்தியே அன்னிக்கு.

உன் தங்கச்சி தைச்சதா? அப்படியா. சரி, அதைத் திரும்ப வாங்கிக்கறேன்.

அப்புறம் இன்னொருத்தன். படைக்கு வா, அந்த ஏழை நாட்டு மேல குண்டு போடுன்னு அரசாங்கம் கூப்பிட்டப்ப, போ, வரமாட்டேன்னான். பட்டத்தைப் புடுங்கினாங்க. மூணரை வருஷம் மேடை ஏற விடல. நல்ல வயசு மூணரை வருஷம்! அவனைப் பத்தி ஒரு சின்னத் துண்டறிக்கைதான் நான் முதமுதல்ல முழுசாப் படிச்சது. எட்டாவதோட ஆலைக்குப் போனவன் நான். எனக்குப் பள்ளிக்கூடம்னா சங்கத்து வாயிற்கூட்டமும் துண்டறிக்கையும்தான். குத்துச்சண்டையும் அப்படித்தான் கத்துக்கிட்டேன், படிச்சு. மன்றத்துல ஒரு மூட்டையைத் தொங்கவிட்டு என் மகனுக்கு நானே மாஸ்டர். என் உடம்புல ஒரு குத்து விழுந்ததில்ல தம்பி. போலீஸ்காரன் அடிச்சது கணக்குல வராது, அது திருப்பி அடிக்க முடியாத அடி.

அவன் என்ன சொல்வான்னா, அப்பா, இன்னிக்கு இருக்கறவன் முப்பது கிலோ கூடுதல், கை ஒரு முழம் நீளம், அடி அடிதானேம்பான். உங்க ஆளு நல்லவனா இருக்கலாம், நல்லவன்னா மண்டை ஓடு கெட்டியாயிடுமாம்பான். வாய் அவனுக்கு என்கிட்டேருந்துதான் வந்துச்சு. ஒரு நாள் நான் சொன்னேன், அப்பல்லாம் பதினஞ்சு ரவுண்டுடா, இப்ப பன்னெண்டாக் குறைச்சுட்டாங்க, சோம்பேறிப் பசங்கன்னு. ஒருத்தன் அடிபட்டுச் செத்த பிறகுதானேப்பா குறைச்சாங்கன்னான். அதோட விட்டானா? எட்டு மணி நேர வேலைக்காக உதை வாங்கின ஆளு, குத்துச்சண்டைக்காரன் மட்டும் ஓவர்டைம் பார்க்கணுமான்னு கேட்டான். மன்றமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். எல்லாரும் நிறுத்தின பிறகும் சிரிச்சேன்.

தண்ணி குடி. இன்னும் அடங்கல பாரு உனக்கு.

எங்க பெரிய சண்டையே ஒரு பழைய ஆட்டத்தைப் பத்தித்தான். படைக்குப் போக மாட்டேன்னானே, அவனும் அவனோட பரம எதிரியும் மூணாவது தடவை மோதினது. பார்த்திருக்கியா? அப்ப உனக்கே தெரியும். பதினாலு ரவுண்டு முடிஞ்சுது, பாக்கி ஒண்ணே ஒண்ணு. எதிரிக்குக் கண்ணு ரெண்டும் வீங்கிக் கிட்டத்தட்ட மூடிருச்சு. ஆனா எழுந்திரிக்கறான், போகணுங்கறான். அவனோட மாஸ்டர் விடல. போதும், உட்காருன்னு நிறுத்திட்டான்.

நான் அந்த மாஸ்டரைத் துரோகின்னுதான் சொல்லுவேன். வாயிற்கூட்டத்துல எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா? ஏன்னா அந்தப் பக்கம், படைக்குப் போகாதவனும் அதே நேரம், என்னால முடியல, கையுறையை அவுத்துடுன்னு சொன்னதா ஒரு பேச்சு இருக்கு. இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா? தோழர்களே, முதலாளியும் அப்படித்தான், நமக்குப் பசிக்கும்போது அவனுக்கும் மூச்சு வாங்கும், வெளிய காட்டிக்க மாட்டான், ஒரே ஒரு நாள் கூடத் தாங்கினவன் ஜெயிப்பான்னு பேசுவேன். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். பேசினது மட்டுமா? எங்க வேலைநிறுத்தத்துல அறுபதாவது நாள் பாதிப் பேர் போதும்னாங்க. நான் கேட்ல குறுக்க படுத்தேன். அறுபத்தோராம் நாள் காலையில முதலாளி இறங்கி வந்தான். வந்தானா இல்லையா? அதை யாரும் மறுக்க முடியாது.

என் மகன் மறுப்பான். உலகத்துல பெரிய ஆளு யாருன்னா எந்தச் சாம்பியன் பேரையும் சொல்ல மாட்டான். அந்த மாஸ்டர்ம்பான். அந்த ஆளு மேடையில ஆளுங்க செத்ததைப் பார்த்தவன்ப்பா, அவனுக்குத் தெரியும்பான். ஒரு ரவுண்டை விட்டுக்குடுத்து ஒரு மனுசனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான் பாரு, அதுதான்ப்பா வீரம்பான். நான் பேப்பரைத் தூக்கி எறிஞ்சுட்டு எழுந்து போவேன்.

என் மகன் எடை தொண்ணூத்திரண்டு. பழைய ஆளுங்க எடை. உன்னோட மோத அழைப்பு வந்தப்ப, யோசிப்போம்ப்பா, இருபத்தஞ்சு கிலோ வித்தியாசம்னான். நான்தான் ஒத்துக்கிட்டேன். பழைய எடையில புதுசை அடிச்சுக் காட்டுறோம்டான்னேன். காட்டவும் காட்டினான்ல? முதல் நாலு ரவுண்டு உன்னால அவனைத் தொட முடிஞ்சுதா? சொல்லு. இல்லல்ல? அதான் பார்த்தேன்.

ம். அப்புறம் தொட்ட.

இல்ல இல்ல, நீ அழாத. அதுக்கா உன்னை மேல வரச் சொன்னேன்? மேடையிலேருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் நாலாம் நாள் அவன் முடிஞ்சதுக்கு நீ காரணம்னு நான் எங்கயும் சொல்லல. விசாரணைக் கமிட்டியிலயும் சொல்லல. அந்தக் கமிட்டிக்காரங்களுக்கு நான் எழுதிக் குடுத்தது வேற.

அந்தச் செவுத்துல இருக்கற அஞ்சலிப் போஸ்டரைப் படி. சத்தமா வேணாம், மனசுக்குள்ள படிச்சாப் போதும். ‘அவன் போதும் என்று சொன்னதேயில்லை.’ ஊர் பூரா ஒட்டியிருந்தோம். நீயும் பார்த்திருப்ப. அதைப் படிச்சுட்டுத்தானே பழைய சாம்பியன் மாதிரின்னு சொல்ற? விழுந்தாலும் வேணாம்னு சொல்லாத ஒருத்தனை அடிச்சுக் கொன்னுட்டோமேன்னுதானே ஏழு மாசமா தூங்காம கிடக்க?

அந்த வாசகம் நான் எழுதினது. நல்ல வாசகம். சுருக்கமா இருக்கணும், தூரத்துலேருந்து படிக்கணும், பொய்யா இருந்தாலும் தாளம் தப்பாம நிக்கணும்.

ஒம்பதாவது முடிஞ்சு வந்து உட்கார்ந்தான். பத்து ரவுண்டு ஆட்டம், பாக்கி ஒண்ணே ஒண்ணு. கண்ணுல ரத்தம் தொடைக்கற பையன் பஞ்சைத் தேடிக்கிட்டிருந்தான். ஒரே கூச்சல். நான் பல்லுறையைக் கையில எடுத்துக் கழுவுறேன். அவன் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். கையுறைக் கையால எப்படிப் பிடிக்கறது, சும்மா அழுத்தினான். போதும்ப்பான்னான். ரெண்டு தடவை சொன்னான். ரெண்டாவது தடவை சொல்லும்போது பல்லுறையைத் திணிச்சேன். நடுவர் வந்து, என்ன, ஆடுவானான்னு கேட்டாரு. ஆடணுங்கறான், விடுங்கன்னேன். வெள்ளைத் துண்டு மேல நான் உட்கார்ந்திருந்தேன், தம்பி. யாராவது அதை எடுத்து மேடையில எறிஞ்சு ஆட்டத்தை நிறுத்திடப் போறாங்கன்னு.

அவங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. கமிட்டிக்கு எழுதினதுல, நான் நிறுத்தச் சொல்லியும் அவன் கேக்கலன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.

அதனால அந்தப் பையை எடுத்துக்க. இங்க வைக்காத. நீ அடிக்கலன்னு சொல்ல மாட்டேன், உன் தொழில் அது. ஆனா பத்தாவது ரவுண்டுக்கு அவனை அனுப்பினது நீ இல்ல. அதைச் சொல்லத்தான் உன்னை உட்கார வச்சேன், வேற கதையெல்லாம் சும்மா. நாளைக்குக் கமிட்டி ஆபீசுக்குப் போறேன், அந்தக் காகிதத்தை மாத்தி எழுதிக் குடுக்க. நீயும் வர்றதுன்னா வா, பக்கத்துல நில்லு. வேணாம்னா வேணாம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லிட்டுப் போ. என் மகன் போதும்னப்ப நான் அவனைப் பார்க்கல, எதிர்மூலையில உன்னைத்தான் பார்த்தேன். வாயைப் பிளந்துட்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டுட்டிருந்த. சரி, இவனும் முடிஞ்சான், ஒரே ஒரு ரவுண்டு தாங்கினா இவன் இறங்கி வந்துடுவான்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். அப்ப நீ முடிஞ்சுதானே இருந்த? உன் மூலையில போதும்னு சொல்லிட்டுத்தானே இருந்த?

மூக்கா?

பதினாறு வயசுலயே உடைஞ்சுதா. ஓ. அதுலேருந்து வாயாலதானா எப்பவும். தூங்கும்போதுமா?

சரி. சரி தம்பி, அதுக்கு நீ ஏன் மன்னிப்புக் கேக்கற. வந்ததுலேருந்து உன் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன். நீ ஓடலை, ஆடலை. அரை மணி நேரமா சும்மா உட்கார்ந்திருக்க. இப்பவும் அன்னிக்குப் பார்த்த அதே மூச்சுதான்.