மஞ்சக்காவி அடித்த அறை

புதுத் தரை போடும்போதே சுவருக்கும் நிறம் அடித்துவிடுவது நல்லது, இன்ஸ்பெக்டர். இரண்டு தடவை வீட்டை அழுக்காக்க வேண்டியதில்லை.

திண்டுக்கல்லில் இப்போது எல்லாரும் சிமெண்ட் தரைக்கு மாறுகிறார்கள். மகள் ஆனந்தமேரியின் கல்யாணத்துக்காக நாங்களும் நடு அறையின் பழைய தரையைப் பெயர்த்திருந்தோம். மாப்பிள்ளை வடமதுரை. சுண்ணாம்பில் செங்காவி கலப்பதா, மஞ்சக்காவி கலப்பதா என்பதுதான் பாக்கி. நான் செங்காவி என்றேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

"செங்காவி அடிச்சா அடுப்படி மாதிரி இருக்கும்ப்பா. மஞ்சக்காவியே அடிங்க," என்றாள்.

சிரித்தேன். நான் கடுமையான தகப்பன் இல்லை.

என் மனைவி வியாகுலம்மாள் பத்திரிகை கொடுக்கச் சித்தையன்கோட்டைக்குப் போயிருந்த மத்தியானம், சோறு போட்டுக்கொண்டே மகள் இன்னொன்றும் சொன்னாள்.

"வடமதுரை வேணாம்ப்பா. ஞானராஜ் வாத்தியாரைத்தான் கட்டுவேன். நாளைக்குப் பங்குச் சாமியார்கிட்டயே சொல்லிருவேன்."

ஞானராஜ் நல்ல பையன்தான். ஆனால் மாதா கோயிலில் அவன் சாதிக்காரர்கள் உட்காரும் பக்கம் வேறு. நான் வெஞ்சனத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுக் கை கழுவினேன். அவள் படுத்துத் தூங்கியபின் தலையணையை எடுத்தேன். அவள் அதிகம் சிரமப்படவில்லை.

எங்கள் குடும்பத்தில் யாரையும் உப்புப் போடாமல் புதைத்ததில்லை. சுவரோரமாகத் தோண்டி, கல்யாணச் சமையலுக்கு வாங்கியிருந்த கல்லுப்பு மூட்டையை முறைப்படி கொட்டினேன். ஜெபமும் சொன்னேன். மறுநாள் கொத்தனார் சிமெண்ட் பூசினார். மகள் கன்னியர் மடத்துக்குப் போய்விட்டாள் என்று வியாகுலத்திடமும் ஊரிடமும் சொன்னேன். வடமதுரைக்காரர்கள்கூட மரியாதையாகத்தான் விலகினார்கள்.

பிறகு வெள்ளையடிக்கிற வீரன் வந்தான். "அடிச்சுவரு ஓதமா இருக்குய்யா. செங்காவின்னா மறைச்சிரும். மஞ்சக்காவி காட்டிக் கொடுத்துரும்," என்றான்.

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. இருந்தும் மஞ்சக்காவியே அடிக்கச் சொன்னேன்.

ஐப்பசி மழையில் உப்பு ஈரத்தை இழுத்தது. மஞ்சள் சுவரின் அடியில் ஆள் நீளத்துக்குக் கறுப்பு ஏறியது. வியாகுலம் சமையலறைக்குப் போய், உப்பு மூட்டை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். கடப்பாரையை எடுத்தாள். அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நிறத்தையும் சேர்த்து எழுதுங்கள். பெற்ற பெண் வாய்விட்டுக் கேட்டதை மறுத்தவன் என்று என்னை ஊரில் ஒருவரும் சொல்லக் கூடாது.