சாலையில் வாங்கிய சிவப்பு பல்ப்

இருட்டறைக்குப் பொருத்தமான பல்ப் வாங்குவது நீங்கள் நினைப்பதுபோல எளிதல்ல, சார். புகைப்படக் காகிதத்துக்கு வெளிச்சம் என்றால் பயம். நல்ல சிவப்பையும் அடர்மஞ்சளையும் மட்டும் பொறுத்துக்கொள்ளும். எனக்கு இருட்டென்றால் பயம். அதனால் பல்ப் வாங்கும் வேலை எப்போதும் என்னுடையது.

சாலை என்ற கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் நானும் என் நண்பன் அஜினும் அந்த அறையை வைத்திருந்தோம். தரை நடுவே ஒரு சதுரத் துவாரம் உண்டு. பக்கத்து அறை மூட்டைகளைக் கயிற்றில் கட்டி அதன் வழியாகக் கீழே இறக்குவார்கள். வேலை முடிந்ததும் பலகை போட்டு மூடுவார்கள். கீழிருந்து வெளிச்சம் கசியாமல் இருக்க, நாங்கள் அதன்மேல் ஒரு ஃப்ளெக்ஸை வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரித்திருந்தோம். பலகை போடாத நாட்களில் சுமைதூக்கும் லிங்கம் அண்ணன் தன் சிவப்புத் துண்டை எச்சரிக்கையாக ஃப்ளெக்ஸின்மேல் போட்டுவிட்டுப் போவார். எங்கள் பழைய மஞ்சள் பல்பில் அது நன்றாகத் தெரியும்.

அந்த பல்ப் போன வாரம் போய்விட்டது.

பொன்முடியில் மூடுபனிக்குள் கூடையோடு நிற்கும் பெண்ணின் படம் ஒன்றுக்கு எனக்குப் பரிசு கிடைத்ததே, அது அஜின் எடுத்தது. அவன் மறந்துபோன ஒரு ஃபிலிம் ரோலிலிருந்து அவனுக்குத் தெரியாமல் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். பத்திரிகையில் பார்த்ததும் தோளில் தட்டிப் பாராட்டினான். “கொள்ளாம்டே. இத நீ எப்பம் எடுத்த? நானும் அங்கதான நின்னேன்?” சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அப்புறம் போனில் சொன்னான்: “பழைய ரோல் எல்லாம் கொண்டு வாறேன். சாயங்காலம் பிரிண்ட் போடணும். பல்ப் வாங்கி வை.”

பல்ப் கடை யூசுப் இக்கா கேலி செய்தார். “எந்தா மோனே, இருட்டறைக்கு லைட்டு எதுக்கு? லைட்டு போட்டா பின்ன அது இருட்டறையா?” மூன்று பல்ப் வாங்கினேன்.

மாடி ஏறும்போது லிங்கம் அண்ணன் இறங்கி வந்தார். “தம்பி, மூடை இன்னும் இறக்கணும், பலகை போடல்ல. துண்டு போட்டிருக்கேன். அந்தப் பயகிட்டயும் சொல்லிரும், கேட்டீரா?” தலையாட்டினேன்.

பல்பைச் சோதிக்க, ஒரு சிறு புகைப்படக் காகிதத்தின்மேல் நாணயத்தை வைத்துக் கொஞ்ச நேரம் பல்பின் கீழே விட்டுவிட்டு டெவலப் செய்ய வேண்டும். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த பல்ப் ஆகாது. சாமி படத்துக்குப் போடும் சீரோ வாட்டில் வட்டம் அப்படியே விழுந்தது. சிவப்புச் சாயம் பூசிய இரண்டாவதில் மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவது சிவப்பு எல்.இ.டி. காகிதம் பால்போல வெள்ளையாகவே இருந்தது. அதைத்தான் மாட்டினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் மாட்டியிருப்பார்கள்.

அப்போதுதான் துண்டைத் தேடினேன். காணவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பும் வெள்ளையும் ஒன்று, சார். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மற்ற இரண்டு பல்புகளையும் மறுபடி மாட்டிப் பார்த்தேன். அவற்றில் துண்டு இருந்தது.

அஜின் கதவைத் தட்டியபோது, “பேப்பர் திறந்திருக்கு, டியூப் லைட் போடாத” என்றேன். திறந்துதான் இருந்தது, நான் பொய் சொல்லவில்லை. திரையை விலக்கி உள்ளே வந்து தரையைப் பார்த்தான். கவனமானவன், எப்போதும் பார்ப்பான். “துண்டு இல்ல, அப்பம் பலகை போட்டாச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். என்னிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. ரோல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தான்.

ஃப்ளெக்ஸ் பெரிதாகச் சத்தம் போடவில்லை. துவாரத்தின் வழியாக மண்டியின் வெள்ளை வெளிச்சம் மேலே வந்தது. தட்டில் இருந்த காகிதம் என் கண்முன் கறுத்துக்கொண்டே போனது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்குப் பயமாக இருந்தது.

இந்த ஸ்டேஷன் அறையில் விளக்கை மட்டும் அணைக்க வேண்டாம், சார். நான் அவனைத் தொடவில்லை. காகிதத்துக்கு ஏற்ற பல்பைத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். துண்டின் மடிப்புகள் மட்டும் அந்த வெளிச்சத்திலும் லேசான நிழலாகத் தெரிந்தன. அவன் வருமுன் அவற்றைக் கையால் நீவிவிட்டேன்.